நாலு தடவை பிரித்துத் தைத்த ப்ளவுஸ்: டைப் 1 சர்க்கரையும் என் எடையும்

போன மாதம் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று வார லீவுக்குப் பிறகு வகுப்புக்கு வந்தாள். டைப் 1 சர்க்கரை என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அவளுடைய அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மிஸ், உங்களுக்கும் இதே சுகருன்னு சொன்னாங்க. ஊசி போட்டா பிள்ள குண்டாயிருமாமே, நெசமா?" என்று கேட்டார். வராந்தாவில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. எனக்கு சர்க்கரை வந்ததிலிருந்து என் எடை 56இல் இருந்து 41க்கு இறங்கி, 64க்கு ஏறி, 55க்கு விழுந்து, 66க்குப் போய், இப்போது 57இல் நிற்கிறது. எடை மாறிய ஒவ்வொரு தடவையும் இன்சுலின் கணக்கு குலைந்தது. ஒரு தடவை உயிரே போகப் பார்த்தது. இப்படியெல்லாம் ஆகும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் முழுவதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, கணக்கு டீச்சர். இதில் வரும் இன்சுலின் அளவெல்லாம் (அதை யூனிட் என்பார்கள்) என் உடம்புக்கு, என் டாக்டர் சொன்னவை. யாரும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

2016இல் எனக்கு 24 வயது. திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என் உடம்பில் ஏதோ சரியில்லை என்று முதலில் கவனித்தவர் எனக்கு ப்ளவுஸ் தைக்கும் அக்கா. "போன மாசந்தான பிடிச்சுக் குடுத்தேன், மறுபடி ரெண்டு விரல் லூசா இருக்கு. உடம்புக்கு என்ன பண்ணுதும்மா?" என்று கேட்டார். அவர் ஒருவர்தான் அப்படிக் கேட்டார். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் "எப்படி மிஸ் இப்படி ஸ்லிம் ஆனீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க விரும்பவில்லை. ராத்திரி நாலைந்து தடவை பாத்ரூம் போவதையும், வகுப்புக்குள்ளேயே இரண்டு பாட்டில் தண்ணீர் காலியாவதையும், வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டும் இளைப்பதையும் நான் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கவே இல்லை.

டெஸ்ட் எடுத்ததில் வெறும் வயிற்றில் சர்க்கரை 312 வந்தது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சர்க்கரை உண்டு, அதனால் டாக்டர் உட்பட எல்லோரும் "பரம்பரை, சீக்கிரம் வந்திருச்சு" என்று முடிவுகட்டிவிட்டார்கள். மெட்ஃபார்மின், கிளிமெப்பிரைடு என்று சர்க்கரை மாத்திரைகளை எழுதிக்கொடுத்து, அரிசியைக் குறைத்து நடக்கச் சொன்னார்கள். நான் அரிசியை அடியோடு விட்டேன், காலையும் மாலையும் நடந்தேன். சர்க்கரை குறையவில்லை, எடை மட்டும் இறங்கியது. நாலு மாதத்தில் 41 கிலோவுக்கு வந்துவிட்டேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மாதவிடாய் நின்றுபோனது. இன்சுலின் செடி இலை, ஆவாரம்பூ கஷாயம், ஒரு நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணம் என்று எதையும் விடவில்லை. டெஸ்ட், மாத்திரை, சூரணம் எல்லாம் சேர்த்து அந்த நாலு மாதத்தில் 18,000 ரூபாய் போனது, என் சம்பளத்தில் இரண்டு மாதம். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் என்னைப் பார்த்ததுமே சிறுநீரில் கீட்டோன் பார்க்கச் சொன்னார். பிறகு இரண்டு ரத்தப் பரிசோதனை: உடம்பு சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைட், எதிர்ப்பு சக்தி கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டும் காட் (GAD) ஆன்டிபாடி. டைப் 1 என்று உறுதியானது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். டைப் 1 குழந்தைகளுக்கு மட்டும் வருகிற நோய் இல்லை, எந்த வயதிலும் வரும். சர்க்கரை அதிகமாக இருந்து, நன்றாகச் சாப்பிட்டும் எடை மளமளவென்று இறங்கி, மாத்திரையும் கேட்கவில்லை என்றால் அந்த இரண்டு பரிசோதனையையும் நீங்களே கேளுங்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிற நோய் இது. இன்சுலின் இல்லாவிட்டால் சாப்பிட்ட சர்க்கரை செல்லுக்குள் போக வழியில்லை. ரத்தத்தில் ஏறக்குறைய 180ஐத் தாண்டியதும் சிறுநீரில் கொட்ட ஆரம்பிக்கும். உடம்பு பட்டினியில் கிடந்து சொந்தக் கொழுப்பையும் தசையையும் கரைத்துத் தின்னும். அந்தக் கொழுப்பு கரையும்போது வருவதுதான் கீட்டோன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் பாராட்டிய என் மெலிவு அதுதான்.

இன்சுலின் ஆரம்பித்தார்கள். இரவு நீண்டநேர இன்சுலின் 10 யூனிட், மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன்னால் நாலு நாலு யூனிட். ஆக 22. இரண்டாவது வாரம் இரண்டு காலும் வீங்கி, செருப்பு வாரின் தடம் அப்படியே பதிந்தது. கிட்னி போய்விட்டது என்று ராத்திரி முழுக்க அழுதேன். மறுநாள் சோதித்துவிட்டு, இன்சுலின் தொடங்கும்போது சிலருக்கு உடம்பில் நீர் தங்கும், தானாக வடிந்துவிடும் என்றார் டாக்டர். வடிந்தும் போனது. ஊசி எழுதித் தந்த அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் அந்த ஒரு ராத்திரியாவது மிச்சமாகியிருக்கும். வீக்கம் வந்தால் டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள், பயந்து ஊசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

நாலு மாதத்தில் 52 கிலோவுக்கு வந்தேன். முகத்தில் ரத்தம் ஏறியது, முடி கொட்டுவது நின்றது, மாதவிடாய் திரும்பியது. தையல்கார அக்கா ப்ளவுஸைப் பிரித்துவிட்டு "இப்பத்தான் பழைய ஆளா இருக்க" என்றார். இழந்த எடை திரும்பி வந்ததே தவிர நான் பருமனாகவில்லை. ஆனால் எடை 52இல் நிற்கவில்லை. 2018 முடிவில் 64. இன்சுலின் 50 யூனிட்.

ஏன் என்று அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. இன்சுலின் தொடங்கிய சில மாதங்களில், கணையத்தில் மிச்சமிருந்த செல்கள் கொஞ்சம் உயிர் பெற்று வேலை செய்யும், அப்போது ஊசி குறைவாகவே தேவைப்படும். இதற்கு தேனிலவுக் காலம் என்றே பெயர். எனக்கு அந்தச் சமயத்தில் ராத்திரி ராத்திரி சுகர் இறங்கியது. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி எழுந்து, இருட்டு அடுப்படியில் நின்றபடி கைக்குக் கிடைத்ததையெல்லாம் தின்பேன். இரண்டு வாழைப்பழம், அரை பாக்கெட் பிஸ்கட், ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ். சாகப் போகிறோம் என்று உடம்பு கத்தும்போது அளவு பார்க்கத் தோன்றாது, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காலையில் சுகர் 280 இருக்கும், அதை இறக்கக் கூடுதலாக ஊசி, மதியம் மறுபடி லோ, மறுபடி தின்பது. வாரத்துக்கு நாலைந்து தடவை இப்படி. பிறகு லோ வரும் என்ற பயத்திலேயே படுக்குமுன் ஒரு தோசை. இன்சுலினுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். எடை ஏறியதும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் இன்னும் கூடுதல் யூனிட் கேட்டது. டாக்டரைப் பார்க்கும் ஐந்து நிமிடத்தில் இதை நான் சொன்னதும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை.

லோவுக்குத் தேவையானது 15 கிராம் சர்க்கரை, அவ்வளவுதான். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதிக்க வேண்டும். 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடி அதே அளவு. அந்தப் பதினைந்து நிமிடம் பொறுப்பது மலையைத் தூக்குவது மாதிரி இருக்கும். நான் கண்டுபிடித்த வழி, மூன்று டீஸ்பூன் அளந்த குளுக்கோஸ் பொட்டலங்களைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகாமல் இருப்பது. முக்கியமாக, வாரத்தில் இரண்டு மூன்று தடவை லோ வருகிறதென்றால் கோளாறு நம் சாப்பாட்டில் இல்லை, டோஸில் இருக்கிறது. டாக்டரிடம் போய்க் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இனி எழுதப்போவதை இத்தனை வருடம் நான் மூன்று பேரிடம் மட்டுமே சொல்லியிருக்கிறேன். 2019 பிப்ரவரியில் எனக்கு நிச்சயமானது. எனக்கு சர்க்கரை என்பது மாப்பிள்ளைக்கும் அவர் வீட்டுக்கும் தெரியும், அதை மறைக்கவில்லை. பூ வைத்த அன்று அவர்கள் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார்: "கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் கொறச்சுக்கம்மா, போட்டோவுல நல்லா விழும்." அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எடை எப்படிக் குறையும் என்பது எனக்கு 2016இலேயே தெரிந்திருந்தது. ஊசியைக் குறைக்க ஆரம்பித்தேன். யாருக்கும் சந்தேகம் வராதபடி குறித்து வைக்கும் நோட்டில் பொய் எண் எழுதினேன். அம்மா "ஊசி போட்டியாடி?" என்று கேட்கும்போதெல்லாம் "ம்" என்றேன்.

ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. மறுபடி பாராட்டு. உள்ளே எனக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்: மாடிப்படி ஏறினால் கால் துவண்டது, கரும்பலகை எழுத்து மங்கியது, எதற்கெடுத்தாலும் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன், பூஞ்சைத் தொற்று விடாமல் வந்தது. நிறுத்த நினைத்து ஊசியைச் சரியாகப் போட்ட வாரத்தில் இரண்டு கிலோ ஏறியது. அதைப் பார்த்ததும் பயந்து மறுபடி குறைத்தேன். அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியாது. ஆகஸ்டில் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தது. மறுநாள் விடாத வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கியது. வாயில் அழுகிய பழ வாசனை அடித்ததாக அம்மா பிறகு சொன்னார். கீட்டோ அசிடோசிஸ், அதாவது கீட்டோன் தேங்கி ரத்தம் அமிலமாகிற நிலை. ஐசியூவில் நாலு நாள், மொத்தம் ஏழு நாள், 1,38,000 ரூபாய் பில். அப்பா என் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்திலிருந்து கட்டினார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது.

மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 12.8. கண்ணைப் பார்த்ததில் விழித்திரையில் ஆரம்பநிலைப் பாதிப்பு. வார்டில் இருந்த டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து, "ஊசியை எவ்வளவு நாளா கொறச்சுப் போடுற?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். திட்டவில்லை. எடைக்காக இன்சுலினைக் குறைப்பது டைப் 1 உள்ள பெண்கள் பலரிடம் இருக்கிற ஒன்று, இதற்கென்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்றார். பத்து மாத்திரை சாப்பிட்டு வராத தெம்பு அந்தப் பேச்சில் வந்தது. இதைப் படிக்கிற யாராவது இப்போது அப்படிச் செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து ஒரே ஒருவரிடமாவது இன்றைக்குச் சொல்லிவிடுங்கள். இன்சுலின் இல்லாத உடம்பு ஒரு காய்ச்சலைக்கூடத் தாங்காது. கண்ணையும் முதலில் காட்டிவிடுங்கள். நீண்ட நாள் ஏறிக் கிடந்த சர்க்கரையை வேகமாக இறக்கும்போது கண் பாதிப்பு கொஞ்ச காலம் கூடலாம். அதனால் டாக்டர் மேற்பார்வையில்தான் டோஸைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அந்த டாக்டரம்மா எலிசபெத் ஹ்யூஸ் என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னார். அன்றைய அமெரிக்க வெளியுறவுச் செயலரின் மகள். இன்சுலின் கண்டுபிடிக்கும் முன்னால் டைப் 1 பிள்ளைகளைக் கொஞ்சநாள் கூடுதலாக உயிரோடு வைக்க இருந்த ஒரே வழி அரைப் பட்டினி போடுவது. 1922 ஆகஸ்டில் டொரன்டோவில், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாக்டர் பேன்டிங்கிடம் வந்து சேர்ந்தபோது அவளுக்கு 15 வயது நிறையச் சில நாள்தான் இருந்தது, எடை சுமார் 20 கிலோ. இன்சுலின் போட்டதும் அவள் எடை ஏற ஏற வீடே கொண்டாடியிருக்கிறது. கல்யாணமாகி, மூன்று பிள்ளைகள் பெற்று, 1981 வரை வாழ்ந்தாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த 20 கிலோவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே வார்டில் ஒரு நர்ஸ் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தொப்புளுக்கு இரண்டு பக்கமும் மெத்தென்று மேடு தட்டியிருப்பதைக் காட்டினார். வலிக்காது என்பதால் இரண்டு வருடமாக அதே இடத்தில் குத்தியிருந்தேன். அந்த மேட்டில் போடும் இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது. ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது. என் 50 யூனிட்டில் ஒரு பங்கு அங்கேயே வீணாகியிருக்கிறது. தொடை, இடுப்பின் பக்கவாட்டு, வயிறு என்று இடம் மாற்றி, ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். புது இடத்துக்கு மாறும் அன்று பழைய டோஸை அப்படியே போட்டால் சுகர் தடாலென்று இறங்கும், முன்கூட்டியே கேட்டுக் குறைக்க வேண்டும். எனக்குக் குறைத்துத்தான் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்று வாரத்தில் ஐந்து கிலோ ஏறியது. அந்த மூன்று வாரம்தான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. எடை மெஷினை அம்மா பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். கல்யாணத்தை ஆறு மாதம் தள்ளிப்போட்டோம். மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொன்னபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமே ஊசி போடும்போது நானும் பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்றார். 2020 பிப்ரவரியில் பெரிதாக்கித் தைத்த ப்ளவுஸோடு கல்யாணம் நடந்தது.

லாக்டவுனில் 66 ஆனேன். இந்த முறை நிதானமாகக் குறைக்க முடிவெடுத்து, ஊசியில் கை வைக்காமல் சோற்றை அளந்து, பருப்பும் முட்டையும் காயும் கூட்டி, தினம் 40 நிமிடம் நடந்தேன். அப்போது பெரியம்மா தன் மாத்திரையை நீட்டினார், டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவது. "இத போட்டதுல எனக்கு நாலு கிலோ கொறஞ்சிருச்சுடி" என்றார். நல்லவேளை கேட்டுவிட்டுப் போடலாம் என்று இருந்தேன். இந்த வகை மாத்திரை டைப் 1 உடம்பில், சுகர் அவ்வளவு ஏறாமலேயே கீட்டோ அசிடோசிஸைக் கொண்டுவந்துவிடலாம். பெரியம்மா மாதிரி டைப் 2 (பெரியவர்களுக்குப் பரவலாக வரும் சர்க்கரை) உள்ளவருக்கு நல்லது செய்கிறதே என்று அதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு வருடத்தில் எட்டு கிலோ குறைந்தது. சந்தோஷத்தில் ஒன்றைக் கோட்டைவிட்டேன்: உடம்பு குறைந்தும் இன்சுலின் பழைய அளவிலேயே இருந்தது. 2021 நவம்பரில் பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருக்கும்போது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி என் கைப்பையைத் திறந்து குளுக்கோஸை எடுத்து வந்திருக்கிறாள். சோதித்தபோது 41. இரவு டோஸை 26இல் இருந்து 21 ஆக்கினார் டாக்டர், சாப்பாட்டு ஊசியிலும் ஒன்றிரண்டு குறைத்தார். எடை இறங்கினால் டோஸும் இறங்க வேண்டும். இறக்காவிட்டால் லோ வரும், லோவுக்குத் தின்போம், குறைந்த எடை திரும்பி வரும். பலர் "என்ன செய்தும் குறையவில்லை" என்று விட்டுவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். நடப்பதன் வேலையும் நடந்து முடித்ததோடு நிற்பதில்லை, அன்று ராத்திரி வரை சர்க்கரையை இறக்கும்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை எடை, அந்த வாரத்தில் ஒரு நாளைக்கு ஆன மொத்த யூனிட், இரண்டையும் வகுத்த ஈவு. 41 கிலோவுக்கு 22 யூனிட் போட்டபோது கிலோவுக்கு 0.54. 64 கிலோவில் 0.78. இப்போது 57க்கு 34, அதாவது 0.6. ஈவு ஏறினால் ஊசி போடும் இடத்தில் மேடு இருக்கிறதா, இன்சுலின் வெயிலில் கெட்டுவிட்டதா, உள்ளே ஏதாவது தொற்றா என்று பார்க்கிறேன். ஈவு இறங்கி லோ கூடினால் டோஸைக் குறைக்கக் கேட்கிறேன். எந்தப் பக்கம் என்றாலும் மூன்று கிலோ மாறினால் டாக்டருக்கு போன். 2023இல் சாப்பாடு மாறாமல் மூன்று கிலோ ஏறி, கூடவே லோவும் வந்தபோது இந்த நோட்டைப் பார்த்துத்தான் தைராய்டு சோதிக்கச் சொன்னார், குறைவாக இருந்தது. டைப் 1 உள்ளவர்களுக்குத் தைராய்டும் சேர்ந்து வருவது சகஜம், வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். செலவைச் சமாளிக்க முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தயங்காமல் போங்கள், இன்சுலின் இலவசமாகத் தருகிறார்கள். அந்த வழி தெரியாமல் நான் ஐந்து வருடம் கடையில் வாங்கினேன்.

அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் வராந்தாவில் நான் சொன்னது இவ்வளவுதான்: இழந்த எடை திரும்பும், திரும்பத்தான் வேண்டும். சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு. பிள்ளை வளர வளர யூனிட் ஏறும், வயசுக்கு வரும் சமயத்தில் கிலோவுக்கு ஒன்று, சிலருக்கு அதற்கு மேலும் போகும். அதை நோய் முற்றிவிட்டதென்று நினைத்து யாரும் பயந்து குறைத்துவிடக் கூடாது. அவளுக்குப் பதினொரு வயது, அந்த நாள் தூரத்தில் இல்லை. திங்கட்கிழமை பிள்ளையைக் கூப்பிட வரும்போது அவரிடம் சொல்லிவிட வேண்டும்.